தவளையின் இடது வளைவு

பொய் சொல்லும் வண்டியை மிளகு பத்தே விநாடியில் கண்டுபிடித்துவிடுவாள். பொய் சொல்லும் மனிதரைக் கண்டுபிடிக்க மட்டும் அவளுக்கு முப்பத்துநான்கு வயது ஆக வேண்டியிருந்தது.

மிளகு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஆள் குள்ளம், பேச்சில் காரம். திங்கள் முதல் சனி வரை ஒரு டயர் கடையில் வீல் அலைன்மென்ட் மெஷினில் வேலை. கார் நேராக ஓடாமல் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று யார் வந்தாலும், நாலு சக்கரமும் எந்தெந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று அளந்து சரிசெய்து அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வீட்டு மாடி அறையில் அவளுக்கு இன்னொரு வேலை. கார் பந்தய வீடியோ கேம்களில் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்து, அது நிஜ வண்டி போல நடந்துகொள்கிறதா என்று தீர்ப்பு சொல்வது. அண்ணன் அதைப் படம் பிடித்து இருவருடைய சேனலில் போடுவான். பார்ப்பவர்களுக்கு அவள் 'மிளகு அக்கா'. அவள் ஏழு மார்க் கொடுத்த கேமை எட்டு என்று எவனாவது சொன்னால், வீடியோவுக்குக் கீழே கமென்ட்டில் நானூறு பேர் அவனைப் பிடித்து உலுக்கிவிடுவார்கள்.

எல்லா வண்டிக்கும் அவள் தீர்ப்பு சொல்வதில்லை. ஒரே ஒரு வண்டிதான். தொண்ணூறுகளில் வந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, பின் சக்கர இழுவை. விளக்கைப் போட்டால் பானெட்டில் இரண்டு மூடிகள் எழும்பி, கண்ணை உருட்டிப் பார்க்கும். அதனால் வீட்டில் அதற்குத் 'தவளை' என்று பெயர். அப்பா ஆசை ஆசையாக வாங்கி, தான் சாகும் வரை வேறு யாரும் கழுவக்கூட விடாத வண்டி. அப்பா போன பிறகு அது அண்ணன் வீட்டு ஷெட்டில் நின்றது. இரண்டு பேருக்கும் பொது என்று பேச்சு.

தீர்ப்புக்கு என்று அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் நிஜத் தவளையைக் காலி மைதானத்தில் அரை மணி நேரம் ஓட்டுவாள். அந்தச் சூடு கையில் ஆறும் முன்னே மாடிக்கு வந்து கேம் ஸ்டியரிங்கைப் பிடிப்பாள். அந்த ஸ்டியரிங்கில் மோட்டார் உண்டு. சக்கரம் வழுக்கினால் கை லேசாகும், பிடித்தால் கனக்கும். திரைக்கு முன்னால் ஒரு பெரிய அட்டை. அதில் தபால் பெட்டி வாய் போல ஒரு கீறல். அந்தக் கீறல் வழியே தரையும் வெள்ளைக் கோடும் மட்டும் தெரியும். எந்த கேம், எந்த வண்டி என்று தெரியாது. சத்தமும் கிடையாது. "சத்தம் வக்கீல் மாதிரி. குற்றவாளிக்கும் நல்லா பேசும்" என்பாள் மிளகு.

வலது வட்டம் மூன்று, இடது வட்டம் மூன்று. அவ்வளவுதான் பரீட்சை.

அன்று ஒரே அமர்வில் ஐந்து கேம்கள். ஆனால் நிஜத் தவளை இல்லை. நாலு மாதமாகவே இல்லை.

"பெயின்டர் வண்டியை இன்னும் தரலையா?" என்று மாடி ஏறும்போதே கேட்டாள்.

"தரேன் தரேன்றான். கதவுக்குக் கீழ துரு நினைச்சதை விட அதிகமாம்" என்றான் அண்ணன், படியைப் பார்த்துக்கொண்டே.

"நான் போய் ரெண்டு வார்த்தை பேசட்டா?"

"நீ ரெண்டு வார்த்தை பேசினா அவன் வண்டியை அப்படியே விட்டுட்டு ஓடிருவான். நான் பார்த்துக்கறேன்."

அறைக்குள் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, மடியில் லேப்டாப். ஒரு கேம் கம்பெனியில் வண்டிகளின் ஓட்டத்தைச் சரிசெய்யும் இன்ஜினியர் என்று அண்ணன் அறிமுகம் செய்தான். "நம்ம முறையைப் பார்க்கணும்னு வந்திருக்கார். அஞ்சுல ஒண்ணு இவங்களோடது. எதுன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க" என்று கம்பெனிக்காரரும் சிரித்தார். "நானும் மூச்சு விட மாட்டேன் மேடம்."

அண்ணி டீ கொண்டுவந்து வைத்தாள். வைக்கும்போது மிளகின் தோளை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். எதற்கு என்று அப்போது புரியவில்லை.

கேமரா ஓடியது. முதல் கேமில் வண்டி ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு யோசித்து யோசித்துத் திரும்பியது. "இது கார் இல்ல, அரசாங்க ஆபீஸ். மனு கொடுத்துட்டுக் காத்திருக்கணும்." மூன்று மார்க். இரண்டாவதில் வண்டி தண்டவாளத்தில் ஓடுவது போலத் துளியும் வழுக்கவில்லை. "ரொம்ப நல்ல பிள்ளை. அதனாலதான் சந்தேகமா இருக்கு." நான்கு. மூன்றாவதில் தொட்டதற்கெல்லாம் பின்பக்கம் சுழன்றது. "சோப்புத் தண்ணியில தள்ளிவிட்டாங்களா?" இரண்டு. நான்காவது பரவாயில்லை. முன்பக்கம் சரி, பிரேக் சரி. ஆனால் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நிஜத் தவளை முதுகை லேசாக அசைக்கும். இது மரக்கட்டை போலக் கிடந்தது. ஆறரை.

கம்பெனிக்காரர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அண்ணன் மட்டும் சரியில்லை. டீயை வாயருகே கொண்டுபோய்க் குடிக்காமல் கீழே வைத்தான். இரண்டு தடவை.

ஐந்தாவது.

ஸ்டியரிங்கைப் பிடித்து முதல் பத்தடி போனதுமே மிளகின் முதுகு நிமிர்ந்தது. ரோட்டின் சின்னச் சின்ன முரடு கூட விரல் நுனிக்கு வந்தது. வலது வட்டத்தில் இறங்கினாள். வண்டியின் மூக்கு வெள்ளைக் கோட்டைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டது. காலை எடுத்தாள். பின்பக்கம் மெல்ல, 'வரட்டுமா' என்று கேட்பது போல அசைந்தது. காலை வைத்தாள். அடங்கியது. இன்னொரு முறை, வேகமாக. அதே கேள்வி, அதே அடக்கம். நாலு மாதமாகத் தொடாத வண்டி திரும்பி வந்து கைக்குள் உட்கார்ந்துவிட்டது.

"என்ன மிளகு, பேச்சையே காணோம்?" என்றான் அண்ணன்.

"இரு. கொஞ்சம் வாழ விடு."

கண்ணில் நீர் கோத்துவிட்டது. அட்டைப் பக்கம் குனிந்துகொண்டதால் யாரும் பார்க்கவில்லை. மூன்று வட்டம் முடித்து, இடது பக்கம் திருப்பினாள்.

மூக்கு பிடித்தது. காலை எடுத்தாள்.

பின்பக்கம் கேட்கவில்லை. கேட்காமலே வந்தது. வலது வட்டத்தில் ஒரு மூச்சு நேரம் எடுத்துக்கொண்டது, இடதில் அரை மூச்சிலேயே வெடுக்கென்று வெளியே பாய்ந்தது. அவள் யோசிப்பதற்குள் அவளுடைய கை எதிர்ப்பக்கம் திரும்பிப் பிடித்துவிட்டது. பிடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு புது வண்டி இப்படிப் பாய்ந்தால் கை தடுமாற வேண்டும். தடுமாறவில்லை. இடது வளைவில் அரை மூச்சு முன்கூட்டியே தயாராக இருப்பது அந்தக் கைக்குப் பல வருஷப் பழக்கம்.

மறுபடி வலது. சாது. மறுபடி இடது. வெடுக்.

உலகத்தில் எந்தத் தவளையும் இப்படி ஓடாது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று ஏன் அப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் உயிரோடு இரண்டே பேர். இரண்டு பேரும் இந்த அறையில்தான் இருந்தார்கள்.

பதினைந்து வருஷம் முன்பு, அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்பா வேலைக்குப் போன நேரத்தில் அண்ணன் அவளுக்குத் திருட்டுத்தனமாகத் தவளையை ஓட்டக் கற்றுக்கொடுத்தான். இரண்டாம் நாளே ஒரு திருப்பத்தில் வண்டி சறுக்கி, வலது பின் சக்கரம் நடைபாதைக் கல்லில் போய் மடேரென்று மோதியது. ரிம் நசுங்கியது. அன்று சாயந்திரம் அப்பா கேட்டபோது, அவள் வாயைத் திறக்கும் முன்னே அண்ணன் சொன்னான்: "நான்தான்ப்பா." விழுந்த அறை பக்கத்து வீட்டுக்கே கேட்டது. அப்பா ரிம்மை மாற்றினார். உள்ளே சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை வளைந்திருந்தது அவருக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து டயர் கடையில் சேர்ந்த பிறகு, அப்பா ஊரில் இல்லாத ஒரு நாள் மிளகே தவளையை மெஷினில் ஏற்றிப் பார்த்தபோது வலது பின் சக்கரம் மட்டும் திரையில் சிவப்பாக எரிந்தது. சரிசெய்யும் போல்ட்டை அது போகும் மட்டும் திருப்பியும் சக்கரம் கொஞ்சம் வெளியே பார்த்துக்கொண்டுதான் நின்றது. மாற்றுப் பாகம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அன்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அப்பாவிடம் சொல்லவில்லை.

மிளகு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

"பத்துக்கு எத்தனை?" என்றான் அண்ணன். குரல் கொஞ்சம் உசந்தே வந்தது.

"மார்க் அப்புறம். சார், இது உங்களோடது தானே?"

கம்பெனிக்காரர் மாட்டிக்கொண்ட பையனைப் போலச் சிரித்தார். "முகத்துல எழுதி ஒட்டியிருக்கா?"

"இதை எப்படி அளந்தீங்க?"

கேட்டதுதான் தாமதம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "மத்தவங்க ஒரு பக்கத்தை அளந்து, கண்ணாடியில காட்டின மாதிரி மறுபக்கத்துக்கு ஒட்டிருவாங்க மேடம். நாங்க அப்படிப் பண்ணல. நாலு சக்கரத்தையும் தனித்தனியா அளந்தோம். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தனியா அழுத்திப் பார்த்தோம். அதுக்கு ஒரு சுத்தமான வண்டி வேணும் இல்லையா? தேடித் தேடி ஒண்ணு கிடைச்சது. ஒரே குடும்பம், ஒரே கை. ஒரு சின்ன விபத்து கூடக் கிடையாது, எழுதியே கொடுத்திருக்காங்க." அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "இனிமே சொல்லிரலாம் இல்லையா சார்? டெஸ்ட்தான் முடிஞ்சிருச்சே."

அண்ணன் கேமராவைப் பிடித்தபடி நின்றான். பேயறைந்த முகம்.

"உங்க வண்டிதான் மேடம்!" என்றார் கம்பெனிக்காரர், பிறந்தநாள் பரிசைப் பிரித்துக் காட்டுவது போல. "உங்ககிட்ட சொன்னா தீர்ப்பு ஒரு பக்கம் சாஞ்சிரும், சொல்ல வேண்டாம்னு அண்ணன்தான் சொன்னார். எவ்வளவு நேர்மை பாருங்க. நாலு மாசம் சொந்தத் தங்கச்சிகிட்டயே மறைக்கிறதுன்னா சாதாரணமா? அதனாலதான் எங்க டீமுக்கே ஆலோசகரா அவரைக் கூப்பிட்டோம். ஒண்ணாம் தேதி சேர்றார்."

"ஓ" என்றாள் மிளகு. "அப்போ பெயின்டர் நீங்கதானா?"

அவருக்குப் புரியவில்லை. "பெயின்டரா?"

"ஒண்ணுமில்ல சார். வண்டி இப்போ எங்க?"

"எங்க ஹால்ல. பிரமாதமா வந்திருக்கு மேடம். மூக்கிலேருந்து வால் வரைக்கும் நடுவால அறுத்து, உள்ள இருக்கிறதெல்லாம் தெரியற மாதிரி நிக்க வெச்சிருக்கோம். கேம் வெளியீட்டு விழாவுக்கு வர்றவங்க அப்படியே..." அவர் பேச்சு பாதியில் நின்றது. மிளகின் முகத்தில் என்ன பார்த்தாரோ, நெற்றிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். "உங்களுக்கு... அதுவும் தெரியாதா?"

"அஞ்சு நிமிஷம் கொடுங்க சார்" என்று எழுந்தாள். "அண்ணா, கீழ வா."

சமையலறையில் அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவர்கள் வந்த வேகத்தைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அறுத்தாச்சா?" என்றாள் மிளகு.

"கத்தாதே. மேல கேட்கும்."

"நான் கத்தவே இல்ல. அறுத்தாச்சான்னு கேட்டேன்."

அண்ணன் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். துடைக்கத் துண்டைத் தேடினான். அண்ணி எடுத்துக் கொடுக்கவில்லை. "முதல்ல அளக்கத்தான் கேட்டாங்க. அப்புறம்தான் விழாவுக்குன்னு... மாட்டேன்னா வேலை போயிரும்போல இருந்தது மிளகு. எனக்கு நாற்பது வயசு. எத்தனை நாள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்துக்கிட்டு அலையறது?"

"வேலைக்குப் போறது தப்புன்னு நான் சொன்னேனா? என்னைக் கேட்டியா?"

"கேட்டா நீ விடுவியா?"

"மாட்டேன்."

"அதான் கேட்கல." அவன் நிமிர்ந்தான். "வண்டி பேப்பர்ல என் பேர்தானே இருக்கு?"

அண்ணி குறுக்கே வந்தாள். "நீ சம்மதிச்சுட்டேன்னு சொன்னாரு மிளகு. வருத்தமா இருப்பா, அதைப் பத்திப் பேச்சே எடுக்காதேன்னு என்கிட்ட சொன்னாரு. அதான் நான் நாலு மாசமா ஒரு வார்த்தை கூட..." அவள் புருஷனைப் பார்த்த பார்வையில், நறுக்கிய காய் தானாகவே வெந்திருக்கும்.

ஆக, அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொய். தங்கைக்குப் பெயின்டர். பெண்டாட்டிக்குத் தங்கையின் சம்மதம். கம்பெனிக்கு நேர்மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவன் ஒரு முழுக் காரை மறைத்திருக்கிறான்.

"விபத்தே இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கே. அந்த வலது பின் சக்கரம்?"

"அது எப்பவோ நடந்தது. மறந்தே போச்சு."

"பொய். மெஷின்ல ஏத்தினப்போ நீ பக்கத்துல நின்னு சிரிச்சே."

அவன் குரலைத் தாழ்த்தினான். இப்போது கெஞ்சல் வந்தது. "மிளகு, கேளு. நீ பொய் சொல்லவே வேண்டாம். அஞ்சு கேம்ல எது நிஜம்? இதுதானே? கையில பிடிச்சதுமே உனக்குத் தெரிஞ்சுதே, நான் பார்த்தேன். அதைச் சொல்லு, போதும். உன் தீர்ப்பைத்தான் அவங்க விளம்பரத்துல போடப் போறாங்க. பத்து மார்க் கொடு. உண்மையைச் சொன்ன மாதிரியும் ஆச்சு, எனக்கு வேலை கிடைச்ச மாதிரியும் ஆச்சு."

"நம்ம வண்டியை அளந்து செஞ்சதுக்கு நானே வந்து நல்லாயிருக்குன்னு சொல்றது. வேலிக்கு ஓணான் சாட்சி."

"அப்போ என்ன சொல்லப் போறே?"

"இடது பக்கம் கோளாறுன்னு சொல்வேன். இருக்கு, சொல்வேன்."

"சொன்னா ஏன்னு கேட்பாங்க. விபத்துன்னு தெரியும். நான் எழுதிக் கொடுத்தது பொய்னு ஆயிரும்." பிறகு, கடைசித் துருப்புச் சீட்டை எடுப்பது போல, அதை எடுத்தான். "அன்னைக்கு உனக்காக அறை வாங்கினேனே. ஞாபகம் இருக்கா?"

மிளகுக்கு அதுதான் தாங்கவில்லை. வண்டியை அறுத்தது கூட இவ்வளவு எரியவில்லை. பதினைந்து வருஷமாக அந்த ஒரு அறையை அவள் நெஞ்சுக்குள் தங்கம் போலப் பொத்தி வைத்திருந்தாள். ஊரில் யார் அண்ணனைப் பற்றி என்ன சொன்னாலும், 'அவன் எனக்காக அடி வாங்கினவன்' என்று மனதுக்குள் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வாள். இப்போது அவனே அதை வெளியே எடுத்து, இந்தா, இதற்குச் சரக்கு கொடு என்கிறான்.

"ஞாபகம் இருக்கு" என்றாள். "அதை இன்னைக்குத்தான் மறக்கப் போறேன்."

மாடி ஏறினாள். பின்னால் அவன் காலடிச் சத்தம் இரண்டு படி வந்து நின்றுவிட்டது. அண்ணிதான் கூட வந்தாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மிளகு அதற்கு நேராக உட்கார்ந்தாள். "அஞ்சாவது வண்டி. வலது வளைவுக்குப் பத்து. இதுவரைக்கும் யாருக்கும் நான் பத்து கொடுத்ததில்ல. இடது வளைவுக்கு மார்க் கிடையாது."

கம்பெனிக்காரர் எழுந்தேவிட்டார். "ஏன் மேடம்?"

"காலை எடுத்தா பின்பக்கம் சீக்கிரமா வருது. வலது பின் சக்கரம் வெளியே பார்த்துக்கிட்டிருக்கு. இடது பக்கம் திரும்பும்போது எடை முழுக்க அந்தச் சக்கரத்து மேல வரும், அதான். நீங்க அளந்ததுல தப்பே இல்ல சார். நீங்க அளந்த வண்டி அப்படித்தான். பதினஞ்சு வருஷம் முன்னாடி நடைபாதையில இடிச்சு வளைஞ்சது. இடிச்சது நான்."

பத்தொன்பது வயதில் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். அப்பா இருந்து கேட்க வேண்டியதை, எவரோ ஒரு இன்ஜினியரும் ஒரு கேமராவும்தான் கேட்க நேர்ந்தது.

கம்பெனிக்காரர் லேப்டாப்பைத் திறந்தார். நாலு சக்கர எண்களும் வரிசையாக வந்தன. வலது பின் சக்கரத்துக்கு நேரே விரலை வைத்தார். "இந்த வித்தியாசத்தை நாங்க பார்த்தோம் மேடம். பழைய வண்டிக்குக் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும், அதுதான் உயிர்னு நினைச்சு அப்படியே விட்டோம். பெருமையா வேற பேசினோம்." தலையைச் சொறிந்தார். "மூணு வாரத்துல லட்சம் பேர் கைக்குப் போயிருக்கும். இந்த வண்டியே இப்படித்தான்னு எல்லாரும் நினைச்சிருப்பாங்க. இதுல இடிச்சதால வந்தது எவ்வளவு, எவ்வளவு திருத்தணும்? அறுத்ததுல பின்பக்கமெல்லாம் பிரிஞ்சு கிடக்கு, இனிமே அளக்க முடியாது."

அவளுக்குத் தெரியும். டிகிரியை அறுபது பாகமாகப் பிரித்தால் அதில் ஒன்றுக்கு நிமிஷம் என்று பெயர். அவளுடைய மெஷினில் சிவப்பாக எரிந்த அந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஆனால் வாய் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. இரும்பாலான தவளை இரண்டாக அறுபட்டுவிட்டது. இனி அது எந்த வளைவிலும் திரும்பாது. அது எப்படித் திரும்பும் என்பது மிச்சம் இருப்பது இந்த லேப்டாப்பில், இந்த ஒரு எண்ணில்தான். சொல்லாமல் விட்டால் அது இருக்கும். என்றைக்கு வேண்டுமானாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, இடது பக்கம் திருப்பி, அந்த வெடுக்கைக் கையில் வாங்கிக்கொள்ளலாம். ஞாபகம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வாசலில் அண்ணன் வந்து நின்றிருந்தான். அவனும் அதைப் புரிந்துகொண்டான் போலிருந்தது. அவளைப் பார்த்து, மெல்ல, வேண்டாம் என்று தலையசைத்தான். தன் வேலைக்காகவா, அப்பாவின் வண்டிக்காகவா என்று முன்பெல்லாம் அவள் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பாள். இப்போது தெரியவில்லை. இனிமேல் அவன் எதற்குத் தலையசைத்தாலும் தெரியப்போவதில்லை.

"இருபத்திரண்டு நிமிஷம்" என்றாள் மிளகு. "உள்பக்கமா திருப்புங்க."

அவர் எண்ணை அடித்தார். அட்டைக்குப் பின்னால் திரை ஒரு தடவை கறுத்துத் திரும்ப வந்தது. "பார்க்கறீங்களா மேடம்?"

உட்கார்ந்தாள். நேராக இடது வட்டத்தில் இறங்கினாள். காலை எடுத்தாள். அவளுடைய கை பழக்கத்தில் அரை மூச்சு முன்னதாகவே எதிர்ப்பக்கம் திரும்பிவிட, வண்டி குழம்பிப் போய்க் கோட்டை விட்டு விலகியது. தப்பு வண்டியில் இல்லை. மறுபடி இறங்கினாள். இந்தத் தடவை கையைக் கட்டிப்போட்டு வைத்துக்கொண்டாள். பின்பக்கம் மெல்லக் கேட்டது, வரட்டுமா என்று. காலை வைத்தாள். அடங்கியது. வலதும் இடதும் இப்போது ஒன்று போல. அருமையான வண்டி. யாருடைய வண்டியோ.

"ஒன்பதரை" என்றாள் கேமராவைப் பார்த்து.

"அந்த அரை மார்க்?" என்றார் கம்பெனிக்காரர் பழக்கத்தில்.

"அது என் பிரச்சினை சார்."

அவர் லேப்டாப்பை மூடி எழுந்தார். அண்ணன் பக்கம் திரும்பியபோது சிரிப்பைக் காணோம். "நீங்க எழுதிக் கொடுத்த பேப்பரைப் பத்தி நாளைக்கு ஆபீஸ்ல பேசுவோம் சார். ஒண்ணாம் தேதியைப் பத்தியும்." மிளகைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அண்ணன் கேமராவிடம் போய் அதை அணைத்தான். அது நின்ற முக்காலியின் காலை மடக்கினான், விரித்தான், மறுபடி மடக்கினான். "திருப்தியா?" என்றான், அவள் பக்கம் பார்க்காமல்.

மிளகு பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். திட்டுவதற்கு அவளிடம் ஒரு வண்டி நிறைய வார்த்தை இருந்தது. அவன் வேறு யாராவதாக இருந்திருந்தால் எல்லாவற்றையும் இறக்கியிருப்பாள்.

படிக்கட்டின் கீழே அண்ணி வழியை மறித்தாள். கண் சிவந்திருந்தது. "அவர் கிடக்கார். நான் உன்கிட்ட பொய் சொல்லல மிளகு, சத்தியமா. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ. சமையல் எல்லாம் ஆயிருச்சு."

"இல்ல அண்ணி, கடைக்குப் போகணும். வண்டிங்க வரிசையா நிக்கும்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை மிளகு."

"தெரியும் அண்ணி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.